மஞ்சள் சட்டைக்காரர்கள் ஏன் தோற்றார்கள்

ஏழு பக்கம் எழுதி அனுப்பியிருக்கும் என் மகனுக்கு,

உன் ஃபைல் திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் வந்தது. தையில் உன் தங்கச்சி கல்யாணம் இருப்பதால், யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறாய் என நினைத்துத் திறந்தேன். திறந்தால் ஏழு பக்கம், மூன்று வரைபடம், இரண்டு அட்டவணை. உங்கப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பையன் நல்லாத்தான் படிக்கிறான்" என்று சொல்லி டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அவர் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படிக்கவில்லை. நான் படித்தேன். வருகிற சனிக்கிழமை நீ இருக்கிற நாட்டில் நடக்கும் ஒரு கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில், ஊருக்கு வர டிக்கெட் எடுப்பதற்காகச் சேர்த்து வைத்த பணம் முழுவதையும் வைக்கப் போகிறாய். ஜெயித்தால் தங்கச்சிக்கு ஒரு ஆரத்தோடு வருவாய். தோற்றால் என்ன என்று எழுதவில்லை. ஏழு பக்கத்தில் அதற்கு இடம் போதாமல் போயிருக்கும். நீ இருக்கிற மாநிலத்தில் இதெல்லாம் சட்டப்படி சரிதான் என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

இதற்குப் பதிலை வாய்ஸ் மெசேஜாகப் போட்டிருக்கலாம். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பாய். என் குரல் அணில் குரலாகிவிடும். அந்தக் குரலில் எந்த அம்மாவும் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. எனக்கு இன்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எங்கள் பிரிண்டிங்காரர்கள் சங்கம் போடுகிற ஆண்டு மலருக்கு வருஷா வருஷம் நான் ஒரு சிரிப்புக் கட்டுரை தருவது உனக்குத் தெரியும். "உங்க ஊட்டுக் கதையா இருந்தா நல்லா இருக்குமுங்க" என்பார்கள். ஊரில் எல்லார் வீட்டுக் கதையையும் எழுதித் தீர்த்தாயிற்று, இந்த வருஷம் நம் வீட்டுக் கதைதான் மீதி. இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடுகிறேன். மலர் மாசியில் வரும்போது ஆட்டமும் முடிந்திருக்கும், கல்யாணமும் முடிந்திருக்கும். உனக்கு மட்டும் இன்று, புதன்கிழமையே, ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

முதலில் உன் ஃபைலைப் பற்றி. அம்மாவுக்கு அந்த ஃபுட்பால் புரியாது என்று நினைக்காதே. இரண்டு வருஷமாக அந்த நாட்டுக் கல்லூரிகளுக்குப் போகிற டி-ஷர்ட்டுகளை நம் கம்பெனியில்தான் பிரிண்ட் அடிக்கிறோம். நெஞ்சில் ஒரு காளை வரும். திமில் இல்லாத காளை. முதல் தடவை பார்த்தபோது டிசைனில் திமில் விட்டுப்போய்விட்டது என்று எக்ஸ்போர்ட்காரருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அந்த ஊர் மாடு அப்படித்தானுங்க அக்கா, காங்கேயம் மாட்டையெல்லாம் அவங்க பாத்ததில்லீங்க" என்றார். அதன் பிறகுதான் எதை அடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம் என்று ஆட்டத்தின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பெயர் ஃபுட்பால், காலால் தொடுவது எப்போதாவது. எல்லாரும் குனிந்து நிற்கிறார்கள், நாலு நொடி ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், பிறகு எழுந்து நின்று வெகு நேரம் ஆலோசனை செய்கிறார்கள். நம் தெருவில் சாக்கடை தோண்டியதைப் பார்த்தவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

உன் கணக்கு இது. காளைக்காரர்கள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே முட்டி முட்டிப் போகிறவர்கள். ஒரு தடவைக்கு நாலு கஜம் போனாலும் போதும், பந்தை விடமாட்டார்கள். எதிரணி பருந்துக்காரர்கள், ஆகாயத்தில் எறிந்து பிடிக்கிறவர்கள். இரண்டே எறியில் மைதானத்தைத் தாண்டிவிடுவார்கள். பருந்து ஏழு புள்ளியாவது கூடுதலாக எடுத்து ஜெயிக்கும் என்று பந்தயம் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். ஆகவே காளை ஜெயிக்கக்கூட வேண்டாம், ஏழுக்குக் குறைவாகத் தோற்றாலே காளைமேல் வைத்தவனுக்கு லாபம். காளையிடமே பந்து கிடந்தால் பருந்தின் எறிகாரன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்கிறாய். பருந்து முதலிலேயே இரண்டு தடவை புள்ளி எடுத்துவிட்டால் காளையும் எறிந்தாக வேண்டும், அதற்கு எறியத் தெரியாது என்கிற ஆபத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். காற்று, புல்தரை, ஒருவனின் கணுக்கால் வீக்கம் வரைக்கும் இருக்கிறது. மூன்று தடவை படித்தேன். நன்றாக இருக்கிறது. பொய்ப் புகழ்ச்சி இல்லை. இந்த வேலையை நானும் ஒரு காலத்தில் செய்தவள், அதனால் சொல்கிறேன்.

என்னை உட்கார வைத்தது ஆறாம் பக்கம். அங்கே அட்டவணையை நிறுத்திவிட்டு உன் சொந்த அனுபவத்தை ஆதாரமாக வைத்திருக்கிறாய். இங்கே கல்லூரி மூன்றாம் வருஷத்தில் நீ ஆடிய கால்பந்து ஃபைனல். எல்லாரும் மஞ்சள் சட்டைக்காரர்கள்தான் ஜெயிப்பார்கள் என்றார்கள், நீலச் சட்டை போட்ட உங்கள் அணி ஜெயித்தது. "காத்திருக்கத் தெரிந்த அணி, ஓடியாடும் அணியைக் கடைசியில் வென்றுவிடும், இது நான் கண்ணால் கண்டது" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியின்மேல்தான் உன் டிக்கெட் நிற்கிறது. அந்த வரி தப்பு. தப்பு என்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் நம் பிரிண்டிங் மாஸ்டர் ஞானதுரை அண்ணன். இன்னொருத்தி நான்.

அந்த ஃபைனலுக்கு ஸ்பான்சர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. விசில் ஊதிய மறு நிமிஷம் ஜெயித்த அணி சாம்பியன் என்று எழுதிய வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஃபோட்டோவுக்கு நிற்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆர்டர் நமக்கு வந்தது. "ரெண்டு காலேஜ் பேர்லயும் போட்டு வெச்சிருங்க அக்கா, தோத்தவங்களோடது வேஸ்ட்டுக்குப் போகட்டும்" என்றார் அவர்கள் மேனேஜர். முறை அதுதான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கோ கையில் இருக்கிற நல்ல துணியை, தோற்கும் என்று தெரிந்தே, பிரிண்ட் அடித்து வேஸ்ட் ஆக்குவது பிடிக்கவில்லை. அதைவிட, யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது பெரிய ஆசை. ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு இரண்டு அணியின் பயிற்சியையும் பார்த்து வந்தேன். நீ பார்க்காத பக்கமாக நின்றேன். மஞ்சள் பிள்ளைகள் பந்தைக் காலிலிருந்து காலுக்குத் தட்டித் தட்டி, ஒருவரும் ஒரு நொடி நிற்காமல், தறியில் ஓடும் பாவு நூல் மாதிரி ஒழுங்காக நகர்ந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் அணியில் கோல்கீப்பர் பந்தை வானத்துக்கு உதைப்பான். அது இறங்குகிற இடத்தில் நீ இடுப்பில் கைவைத்து நிற்பாய், பல்லடம் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி. பஸ் பெரும்பாலும் வரவில்லை.

ஆகவே மஞ்சள் அணியின் பெயரில் மட்டும் ஒரு பெட்டி சட்டை அடித்தேன். ஆமாம், உன் அணிக்கு அடிக்கவில்லை. நீ தப்பாகப் படிக்கவில்லை, நான்தான் உனக்கு எதிராகப் பந்தயம் கட்டினேன்.

ஞானதுரை அண்ணன் தென்காசிப் பக்கத்துக்காரர், நம்மிடம் வந்து இருபது வருஷம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என்னைக் கேள்வி கேட்கிறவர். பிரிண்ட் அடிக்கிற ஸ்க்ரீனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, நம்ம பய ஆடுதாம்லா. அவனுக்கு ஒரு சட்டகூட அடிக்காண்டாமா?"

"பாசம் வேறங்க அண்ணா, கணக்கு வேற. நான் ஒரு வாரம் நின்னு பாத்திருக்கேன்."

"நான் ஒரு நாளும் பாக்கல. ஆனா நம்ம பய ஜெயிப்பான். பந்தயம் கெட்டுதியளா?"

"கட்டறேன். தோத்தவங்க ஒரு வாரம் பிரிண்டிங் டேபிள் பூராத்தையும் துடைக்கோணும்."

"மொதலாளியம்மா டேபிள் தொடைக்கத நான் பாக்கணும்னு கர்த்தர் நெனச்சா பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு பிரிண்டிங் இங்க்கைக் கலக்கப் போய்விட்டார். அவருடைய ஆராய்ச்சி அவ்வளவுதான். அட்டவணை கிடையாது.

இதோடு நிறுத்தியிருந்தால் சாதாரண முட்டாள்தனமாகப் போயிருக்கும். அந்த மஞ்சள் அணியின் ஆட்டச் சட்டைகளும் நம்மிடம்தான் பிரிண்டுக்கு வந்திருந்தன. கல்லூரிப் பெயரும் நம்பரும் போதும் என்றுதான் கேட்டார்கள். ஜெயிக்கப் போகிற பிள்ளைகள், ஃபோட்டோவில் எடுப்பாக இருக்கட்டும் என்று, கேட்காமலே, கூலி வாங்காமலே, கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு புலி முகத்தை ரப்பர் பிரிண்டில் அடித்துக் கொடுத்தேன். முதுகிலும் ஒன்று. பிரமாதமான புலி. மீசை ஒவ்வொன்றும் தடவினால் தட்டுப்படும். அவர்கள் கோச் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். உங்கள் கல்லூரியோ அந்த வருஷம் புதுச் சட்டை வாங்கித் தரவில்லை. நீங்கள் போன வருஷத்துப் பழைய நீலத்தில், துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி ஆகிப்போனதில் ஆடினீர்கள். பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஃபைனல் நாலரை மணிக்கு என்று இருந்தது. சிறப்பு விருந்தினருக்குச் சாயங்காலம் வேறொரு விழா இருந்ததால் ஆட்டத்தை இரண்டு மணிக்கு மாற்றினார்கள். பங்குனி வெயில். முதல் பாதியில் என் கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. பந்து மஞ்சளின் காலை விட்டு நகரவே இல்லை, நீ உன் பஸ் ஸ்டாப்பில் நின்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் நண்பனின் அம்மாவுக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளையில்தான் மஞ்சள் பிள்ளைகள் சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்து விசிறிக்கொண்டு நின்றதைக் கவனித்தேன். ஒருவன் குடத்துத் தண்ணீரை நெஞ்சில் கவிழ்த்தான். தண்ணீர் புலியின்மேல் பட்டு, உள்ளே இறங்காமல், அப்படியே வழிந்து ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாகத் துணியோடு வாழ்கிறவள். புரியவில்லை. பிரிண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்று பெருமைப்பட்டேன்.

இரண்டாம் பாதியில் அந்தத் தட்டித் தட்டி நகரும் ஆட்டம் மெதுவாகி, நடையாகி, கடைசியில் நின்றே போனது. நிற்காமல் ஓடுவதுதான் அவர்கள் பலம், அந்தச் சட்டைக்குள் யாராலும் ஓட முடியாது. கடைசிப் பத்து நிமிஷத்தில் உங்கள் கோல்கீப்பர் வழக்கம்போல வானத்துக்கு உதைத்தான். உன்னைப் பிடிக்க வேண்டியவன் முழங்காலில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நீ ஓடினாய். பந்து உன் காலில் பட்டதா, இடுப்பில் பட்டதா என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் உள்ளே போனது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், கையைத் தட்டினேன். என் காலடியில் மஞ்சள் அணியின் சட்டைப் பெட்டி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். மேனேஜர் பெட்டியைத் திறந்தார், மேலே இருந்த சட்டையைப் படித்தார், என்னைப் பார்த்தார். நான் மைதானத்தின் வேப்பமரத்தைப் பார்த்தேன். நீ முன்னால் வந்து ஒரு சட்டையை எடுத்து, ஒரு நொடி படித்துவிட்டு, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாய். உன் அணி முழுவதும் அதையே செய்தது. அந்த ஃபோட்டோவில் எல்லாருடைய ஓரத்திலும், உள்ளே இருக்க வேண்டிய ஓவர்லாக் தையல் தெரியும். பெட்டி மாறிவிட்டது, உங்களுடையது கம்பெனியிலேயே இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஞானதுரை அண்ணனும் நானும் உங்கள் பெயரில் அடித்தோம். பத்து மணிக்கு நீ வந்து வாங்கிக்கொண்டாய். சட்டையை எடுத்து எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாய். விரலில் காயாத நீலம் ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சூப்பருங்மா" என்று சொல்லிப் போய்விட்டாய். அன்றைக்கே உனக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. நீ என்றைக்காவது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் டேபிள் துடைத்ததைப் பார்த்து "என்னாச்சுங்மா" என்றாய். தோளுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார் என்றேன். நான் துடைத்தது நீங்கள் திருப்பிக் கொடுத்த மஞ்சள் அணியின் சாம்பியன் சட்டைகளைக் கிழித்த துணியால்.

மஞ்சள் பிள்ளைகளில் ஒருவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஆட்டச் சட்டையை ஞானதுரை அண்ணன்தான் மைதானத்திலிருந்து எடுத்து வந்திருந்தார். டேபிளில் விரித்துப் போட்டு, புலியின் மூக்கைத் தட்டிக் காட்டினார். "அம்மா, இது சட்டையா தார்ப்பாயா? வேர்வ எங்கிட்டுப் போவும்? நீங்க கெட்டுன பந்தயத்த நீங்களே தோக்கடிச்சிட்டியளே." பிறகு, "பயகிட்ட சொல்லிராதிய, அவன் கோலு போட்டதா நெனச்சிக்கிட்டு இருக்கான்" என்றார். அதனால்தான் இத்தனை வருஷம் சொல்லவில்லை. கோல் உன்னுடையதுதான், ஓடியவன் நீதான். ஆனால் காத்திருக்கும் அணி வெல்லும் என்பதற்கு அது சாட்சி இல்லை. அன்று வென்றது பழைய சட்டை. நான் ஒரு வாரம் நின்று இரண்டு அணியையும் பார்த்தேன், அவர்கள் முதுகில் நான் ஏற்றி வைத்ததைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காளை ஜெயிக்குமா, பருந்து ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. உன் கணக்கு பலிக்கவும் பலிக்கலாம். ஆறாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஒரு தடவை படித்துப் பார். அது இல்லாமலும் டிக்கெட்டை வைக்கத் தோன்றினால் வை. உனக்கு இருபத்தாறு வயசு, நான் கையைப் பிடிக்கிற தூரத்திலும் நீ இல்லை. உன் தங்கச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். மருதாணி டிசைன் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "அண்ணன் வரலீன்னா என்ன, சடங்குல கையில பொரி போட பெரியப்பா பையன் சதீஷ் இருக்கறான். அவனுக்குக் காங்கேயத்துல இருந்து பஸ் டிக்கெட்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாடு எத்தனைல தோக்கோணும்னு சொன்னீங்க?" என்றும் கேட்டாள். ஏழுக்குள் என்றேன். ஃபோனில் எதையோ குறித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வரவேற்புக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் என்று முடிவாகியிருக்கிறது. நேற்று அடித்தோம். ரப்பர் இல்லை, காற்றுப் போகிற பிரிண்ட். 'பொண்ணுக்கு அண்ணன்' என்று முதுகில் எழுதியது மட்டும் இரண்டு அடித்திருக்கிறேன். ஒன்று நீ வந்தால் உனக்கு. இன்னொன்று நீ வராவிட்டால் உன் இடத்தில் நின்று பொரி போடப் போகிற உன் பெரியப்பா மகன் சதீஷுக்கு. அன்றைக்கு அந்த மேனேஜர் சொன்ன முறைப்படி, இந்தத் தடவை ஒழுங்காக இரண்டு பேருக்கும் அடித்துவிட்டேன். பந்தயம் எதுவும் கட்டவில்லை. ஒன்று டேபிள் துடைக்கப் போகும். எது என்று சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சொல். மலரில் இதைப் படிக்கிறவர்கள் கல்யாணத்துக்கு வந்திருப்பார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட இருந்தேன். சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த உங்கப்பா, அந்த இரண்டையும் விரித்துப் பிடித்து, "ஏன் அம்மிணி, ரெண்டும் நம்ம பையன் சைஸு, மீடியமாவே இருக்குதே. எண்ணெய் மில்லு நடத்தறவன், மூணு எக்ஸெல்லுக்காரன், சதீஷுக்கு இதுல கைகூட நுழையாதே" என்றார்.

அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

உன் அம்மா